பதினெட்டுக்கு எதிரே ஒரு வாக்கு

மனிதரை மனிதர் ஒதுக்கி வைக்கும் தீமை, தான் பிடித்து வைத்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். ஆயின் குடியிருப்பை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே பேருந்தில் அருகருகே அமர்ந்து செல்ல இசைகிறவர், ஒரே தொழிற்சாலையில் தோளோடு தோள் நின்று உழைக்க இசைகிறவர், ஞாயிறு திருப்பலியில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளவும் இசைகிறவர், "உங்கள் அடுத்த வீட்டை வாடகைக்குக் கேட்டிருக்கிறேன்" என்று அதே தோழர் சொன்னவுடன் முகம் மாறிப்போகிறார். அரசியல் சாசனங்கள் சமத்துவத்தை அறிவிக்கின்றன. மறைக்கல்வி நூல்கள் அதனைக் கற்பிக்கின்றன. வீட்டுக் கதவு சாத்தப்படுவதோ ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு மாலைப்பொழுதில், சாட்சி எவருமின்றி.

அந்தக் கதவருகே நின்று "இது முறையன்று" என்று சொல்ல வேண்டிய அரசு எது? நாட்டின் தலைநகரம் வெகு தொலைவில் இருக்கிறது. தெருவுக்கு மிக அருகில் இருப்பது மாநகராட்சி மன்றமே. அருகில் இருப்பதால் அதற்கு எல்லாம் தெரியும். அருகில் இருப்பதாலேயே அதற்கு அச்சமும் மிகுதி. கதவைச் சாத்தியவரும் அவருடைய அண்டை வீட்டாரும் அளிக்கும் வாக்கினால்தானே மன்ற உறுப்பினர் பதவிக்கு வருகிறார்! எனவே தன் மக்களுள் சிலரைத் தன் மக்களுள் பலரிடமிருந்து காப்பது ஒரு நகர அரசுக்கு எத்துணைக் கடினம் என்பதையும், அது எவ்வாறு இறுதியில் கைகூடுகிறது என்பதையும் காட்டும் வரலாறு ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்க நாட்டின் மில்வாக்கி நகரில், 1962க்கும் 1968க்கும் இடையே நிகழ்ந்த வரலாறு அது. கத்தோலிக்கர்களாகிய நமக்கு அதில் பெருமைப்படவும் இடமுண்டு, தலைகுனியவும் இடமுண்டு.

ஏரிக்கரையில் ஒரு தொழில் நகரம்

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் அமைந்தது மில்வாக்கி. செர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளர்கள் வளர்த்த நகரம் அது. வார்ப்படச் சாலைகள், தோல் பதனிடும் கூடங்கள், மது வடிக்கும் ஆலைகள், இயந்திரத் தொழிற்சாலைகள் என அங்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நகரின் நடுவே மெனோமினி ஆற்றுப் பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதற்குத் தெற்கே போலந்து வம்சாவளியினர் நெருக்கமாய் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென்மாநிலங்களின் வறுமையிலிருந்தும் இனக் கொடுமையிலிருந்தும் தப்பி வேலை தேடி வந்த கறுப்பின மக்கள், பள்ளத்தாக்குக்கு வடக்கே ஒரு குறுகிய பகுதியில் தங்கினர். 1950இல் ஏறத்தாழ 22,000 ஆக இருந்த அவர்களது தொகை, 1960இல் 62,000ஐத் தாண்டியது. அப்போது நகரின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 7,41,000.

மக்கள் பெருகினர், அவர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட இடம் பெருகவில்லை. இவ்வினத்தவருக்கு இவ்வீட்டை விற்கலாகாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தில் இருந்தது போயிற்று, எழுதப்படாதது நின்றது. வீட்டுத் தரகர் சில தெருக்களை மட்டுமே காட்டுவார். கடன் தரும் நிறுவனம் சில பகுதிகளுக்குக் கடன் மறுக்கும். விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் கேட்டால் "வீடு காலியாக இருக்கிறது" என்பார்கள்; நேரில் சென்று நின்றால் "இப்போதுதான் வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்பார்கள். பழுதடைந்த வீட்டுக்கு மிகுந்த வாடகை கொடுத்து, வேறு வழியின்றி அப்பகுதியிலேயே அடைபட்டுக் கிடந்தனர் மக்கள். குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தே பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் அமைந்தமையால், பெற்றோரின் முன் சாத்தப்பட்ட கதவு பிள்ளைகளின் முன்னும் சாத்தப்பட்டது.

ஒற்றைக் குரல்

1956இல் மில்வாக்கி மாநகராட்சி மன்றத்துக்கு வெல் பிலிப்ஸ் என்னும் பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. முதல் கறுப்பினத்தவரும் அவரே. விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்றவர். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்.

1962 மார்ச்சில் அவர் ஒரு சட்டமுன்வரைவை மன்றத்தில் கொண்டுவந்தார். இனம், நிறம், சமயம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி ஒருவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பது குற்றம் என்பதே அதன் சாரம். வாக்கெடுப்பில் அதற்கு ஆதரவாக ஒரு வாக்கு விழுந்தது. அது அவருடைய வாக்கு. எதிராக விழுந்தவை 18. அடுத்த ஆண்டு மீண்டும் கொண்டுவந்தார்; மீண்டும் 18க்கு 1. 1966இல் மறுபடியும் அதே முடிவு. 1967இல் நான்காம் முறையும் அதுவே.

அந்தப் பதினெட்டுப் பேரும் கொடியவர்கள் அல்லர். தம் வட்டத்துச் சாலைகளைச் செப்பனிட்டவர்கள், குப்பை அகற்ற ஏற்பாடு செய்தவர்கள், ஞாயிறு தோறும் ஆலயம் சென்றவர்கள். அவர்களுள் சிலருடைய வட்டங்களில் கறுப்பின மக்களும் கணிசமாக வாழ்ந்தனர். ஆயினும் வாக்கெடுப்பின்போது எவரும் கை உயர்த்தவில்லை. "என் வட்டத்து மக்கள் விரும்பமாட்டார்கள்" என்பது பொதுவான விடை. மக்களாட்சியில் அது மறுக்க முடியாத விடைபோலத் தோன்றும். ஆனால் அந்த 'மக்கள்' என்னும் சொல்லுக்குள் யார் அடங்குகிறார், யார் அடங்கவில்லை என்பதே அங்கு எழுந்த வினா.

மேயர் ஹென்றி மையரிடம் வேறொரு வாதம் இருந்தது. அதனை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. நகரம் மட்டும் தனித்து இத்தகைய சட்டம் இயற்றினால் வெள்ளை இனத்தவர் சுற்றியுள்ள புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துவிடுவர். ஏழைகளும் வரிச்சுமையும் மட்டுமே நகரில் எஞ்சும். எனவே மாவட்டம் முழுவதற்கும் அல்லது மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்றார் அவர். புறநகர்கள் தம் பொறுப்பைத் தட்டிக் கழித்தன என்பது உண்மை. எனினும், "அவர்கள் தொடங்கட்டும், பிறகு நாங்கள்" என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது, காத்திருப்பவர் யார்? சொல்பவர் அல்லர். பிள்ளைகளோடு பழுதுபட்ட வீட்டில் இருப்பவரே காத்திருக்கிறார். 1965இல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் விலக்குகள் மிகுந்திருந்தன. தனி வீடுகளும் உரிமையாளர் குடியிருக்கும் சிறு கட்டடங்களும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. மில்வாக்கியில் பெரும்பாலான வீடுகள் அவ்வகையினவே.

தெற்குக் கரையில் பிறந்த குரு

இக்கட்டத்தில் வரலாற்றினுள் நுழைகிறார் அருள்தந்தை ஜேம்ஸ் குரோப்பி. 1930இல், நகரின் தென்பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறி மளிகைக் கடை நடத்திய பெற்றோருக்குப் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளுள் பதினொன்றாமவர். 1959இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1963இல் வடபகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த புனித போனிபாஸ் பங்குக்கு அனுப்பப்பட்டார். தன் பங்கு மக்களின் வீடுகளுக்குள் சென்று வந்த குருவானவருக்குப் பள்ளத்தாக்கின் இரு கரைகளும் இரு உலகங்கள் என்பது புரிந்தது. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் நடத்திய வாக்குரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டார். அதே ஆண்டில், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மில்வாக்கி இளைஞர் அவைக்கு ஆலோசகரானார்.

1967 கோடையில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு கறுப்பினப் படைவீரருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டது. அண்டை வீட்டார் விரும்பமாட்டார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம். நாட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. இளைஞர் அவை இவ்வழக்கைக் கையில் எடுத்தது. சட்டமுன்வரைவுக்கு எதிராக வாக்களித்த மன்ற உறுப்பினர்கள் சிலரின் வீடுகள் முன் மறியல் செய்தது. பயனில்லை. சூலை இறுதியில் நகரின் வடபகுதியில் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின; மேயர் நகர் முழுவதும் ஊரடங்கு உத்தரவு பிறப்பித்தார். கலவரம் அடங்கியதும், சினத்தை நெருப்பாக அன்றி நடையாக மாற்ற இளைஞர்கள் முடிவு செய்தனர்.

பாலமும் பூங்காவும்

நகரின் இரு கரைகளையும் இணைத்தது பதினாறாம் தெருப் பாலம். ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைப்பதால் உலகிலேயே மிக நீளமான பாலம் இதுதான் என்று ஊரில் கேலியாகச் சொல்வது வழக்கம். 1967 ஆகஸ்டு 28 மாலை, குரோப்பியும் இளைஞர்களுமாக ஏறத்தாழ 200 பேர் அப்பாலத்தைக் கடந்து தெற்கே நடந்தனர். அவர்கள் சென்றடைய நினைத்த இடம் கோசியுஸ்கோ பூங்கா. பாலத்தின் மறுமுனையில் ஆயிரக்கணக்கானோர் வசைமொழிகளோடும் கற்களோடும் காத்திருந்தனர். அடுத்த நாள் இரவு, எதிர்த்து நின்ற கூட்டம் பதின்மூவாயிரம் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. புட்டிகளும் கற்களும் பறந்தன. ஊர்வலத்தினர் வடபகுதிக்குத் திரும்பிய பின்பு, அவர்களின் கூடுமிடமாக விளங்கிய 'விடுதலை இல்லம்' தீக்கிரையாயிற்று.

கல்லெறிந்தவர்கள் யார்? அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கல்லெறியப்பட்டவர் கத்தோலிக்கக் குரு. அப்பூங்காவுக்கு அருகிலேயே புனித யோசபாத் பேராலயம் நிற்கிறது. 1896இல் தொடங்கி 1901இல் முடிக்கப்பட்ட அப்பேராலயத்தைக் கட்ட, சிகாகோவில் இடிக்கப்பட்ட ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் கற்களைப் புகைவண்டியில் கொண்டுவந்தனர் போலந்து ஏழைத் தொழிலாளர்கள். தம் வயிற்றைக் கட்டி, பெருங்கடன் சுமந்து அவர்கள் எழுப்பிய ஆலயம் அது. அவர்களும் ஒருகாலத்தில் இகழப்பட்டவர்களே. மொழி தெரியாதவர் என்றும் நாகரிகம் அறியாதவர் என்றும் ஏளனம் செய்யப்பட்டவர்களே. அவ்வாறு துன்புற்று ஒரு சிறு வீட்டையும் ஓர் ஆலயத்தையும் உரிமையாக்கிக்கொண்டவர்களின் பிள்ளைகள், அடுத்துத் துன்புற்று வந்தவரை வாயிலில் தடுத்தனர். தாம் பட்ட துன்பம் தம்மைக் கனிவிப்பதற்குப் பதிலாகச் சில வேளைகளில் இறுகச் செய்துவிடுகிறது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரு வீட்டில் போட்டவரிடம், "அவர்கள் வந்தால் உன் வீட்டின் விலை வீழ்ந்துவிடும்" என்று ஒருவர் சொன்னால் போதும்; அச்சம் வெறுப்பாக மாற அதிக நேரம் ஆவதில்லை.

அந்தப் பூங்காவின் பெயரிலும் ஒரு வரலாறு இருக்கிறது. தததேயு கோசியுஸ்கோ போலந்து நாட்டின் விடுதலை வீரர். அமெரிக்க விடுதலைப் போரிலும் தொண்டாற்றியவர். 1798இல் அவர் எழுதிய உயிலில், அமெரிக்காவில் தமக்குரிய செல்வத்தைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலைகொடுத்து மீட்டு அவர்களுக்குக் கல்வி அளிக்கும்படி நண்பர் தாமஸ் செபர்சனைக் கேட்டுக்கொண்டார். அந்த உயில் நிறைவேற்றப்படவே இல்லை. வழக்குகள் நீண்டு, 1852இல் செல்வம் ஐரோப்பிய உறவினருக்குப் போயிற்று. அவர் பெயர் தாங்கிய பூங்காவில், அவர் குலத்தார், கறுப்பின மக்களை "திரும்பிப் போ" என்றனர். முன்னோரின் சிலையை வணங்குவது எளிது. அவர் விட்டுச் சென்ற கடனைத் தீர்ப்பது கடினம்.

இருநூறு இரவுகள்

மேயர் இரவு ஊர்வலங்களுக்குத் தடை விதித்தார். தடையை மீறியவர்கள் கைதாயினர். அவர்களுள் குரோப்பியும் இருந்தார், மாநகராட்சி மன்ற உறுப்பினரான வெல் பிலிப்சும் இருந்தார். சில நாட்களில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் தந்தி அனுப்பி ஊக்கமளித்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் குருக்களும் அருள்சகோதரியரும் பிற சமய ஊழியர்களும் வந்து ஊர்வலத்தில் சேர்ந்தனர். ஊர்வலத்தினருக்குப் பாதுகாப்பாக நடந்தது 'கமாண்டோக்கள்' எனப்பட்ட இளைஞர் குழு. ஆயுதம் ஏந்தாமல், ஆனால் அடிபட்டு ஓடவும் செய்யாமல், பெண்களையும் சிறுவரையும் நடுவில் வைத்துக் காத்து நடந்தனர் அவர்கள்.

இலையுதிர் காலம் போய் உறைபனிக் காலம் வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின்போது அலங்காரங்களையும் கடைத்தெருக் கொள்முதலையும் தவிர்க்கும்படி இளைஞர் அவை மக்களைக் கேட்டுக்கொண்டது. சத்திரத்தில் இடமின்றி மாட்டுக் கொட்டிலில் பிறந்தவரின் விழாவை, வீடு மறுக்கப்பட்ட மக்கள் அவ்வாறு கொண்டாடினர். ஓர் இரவும் தவறாமல் நடை தொடர்ந்தது. 1968 மார்ச் 14ஆம் நாள் இருநூறாம் இரவு நிறைவுற்றது.

பேராயர் வில்லியம் கசின்சின் நிலையையும் இங்கு நேர்மையோடு சொல்ல வேண்டும். 1965இல் பள்ளிகளில் நிலவிய இனப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் பள்ளிப் புறக்கணிப்பு நடத்தியபோது, அவர் வத்திக்கான் சங்கத்துக்காக உரோமையில் இருந்தார். துணை ஆயர் குருக்களைப் பங்கேற்கவிடாமல் தடுத்தார். 1967இல் நிலைமை வேறு. குரோப்பியை நீக்குக என்று கோரும் கடிதங்கள் பேராயர் இல்லத்தில் குவிந்தன. காணிக்கையை நிறுத்துவோம் என்ற அச்சுறுத்தலும் வந்தது. எதிர்ப்பு ஊர்வலத்தை வழிநடத்தியவர்களிடையே ஒரு குருவானவரும் இருந்தார். பேராயரோ குரோப்பியை நீக்கவில்லை. அவருடைய வழிமுறைகள் ஒவ்வொன்றையும் தாம் ஏற்பதாகச் சொல்லாவிடினும், குருவை அகற்றுவதால் வீட்டுப் பிரச்சினை அகன்றுவிடாது என்று மறைமாவட்ட இதழின் வழியே மக்களுக்கு உணர்த்தினார். அது ஒரு வீரரின் செயல் என்று புகழ வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆயர் தன் மந்தையின் பெரும்பகுதியினது சினத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பதும் ஒரு சான்று பகர்தலே.

சட்டம் வந்த வழி

மன்றம் மெல்ல அசைந்தது. 1967 டிசம்பரில், மாநிலச் சட்டத்தை அப்படியே நகல் எடுத்தாற்போன்ற ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விலக்குகளும் அவ்வாறே இருந்தன. வெல் பிலிப்ஸ் அதற்கு எதிராக வாக்களித்தார்! ஐந்து ஆண்டுகளாகத் தனியாக ஆதரித்தவர், இப்போது எதிர்த்தார். காலம் கடந்து தரப்படும் சிறிதளவு நீதியை நன்றியோடு பெற்றுக்கொள்ள அவர் ஒப்பவில்லை. பெயரளவுச் சட்டம் சட்டமின்மையைவிடத் தீங்கானது என்பதை அவர் அறிந்திருந்தார். அது மனச்சான்றை உறங்க வைத்துவிடுகிறது.

மறுபக்கத்தில், இத்தகைய சட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மன்றம் இயற்றவே கூடாது என்று பொதுவாக்கெடுப்பு நடத்தும்படி கோரிக்கை மனுவில் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். கூட்டாட்சி நீதிமன்றம் 1968இல் அவ்வாக்கெடுப்பைத் தடுத்து நிறுத்தியது. சிலரின் அடிப்படை உரிமையைப் பலரின் வாக்குக்கு விடுவதற்கில்லை என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிசு நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து மில்வாக்கித் தெருக்களில் ஏறத்தாழ 15,000 பேர், கறுப்பரும் வெள்ளையருமாக, அமைதியாக நடந்தனர். ஏப்ரல் 11இல் குடியரசுத் தலைவர் லிண்டன் சான்சன் குடியிருப்புச் சமவுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். திருத்தந்தை 23ஆம் யோவான் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டதும் ஓர் ஏப்ரல் 11ஆம் நாளில்தான், ஆண்டு 1963. மனிதரின் மாண்பிலிருந்தே உரிமைகள் பிறக்கின்றன என்று திருச்சபை உலகுக்குச் சொன்ன நாளுக்கும், ஒரு வல்லரசு தன் மக்களின் வீட்டுக் கதவைச் சட்டத்தால் திறந்த நாளுக்கும் இடையே சரியாக ஐந்து ஆண்டுகள்.

மில்வாக்கி மன்றத்தில் ஏப்ரல் தேர்தலுக்குப் பின் புதியவர்கள் சிலர் வந்திருந்தனர். ஏப்ரல் 30ஆம் நாள், கூட்டாட்சிச் சட்டத்தைவிடவும் வலுவான நகரச் சட்டம் அங்கு நிறைவேறியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் 18க்கு 1 என்று தோற்ற கருத்து, பெரும்பான்மையின் தீர்ப்பாயிற்று.

சட்டம் செய்ததும் செய்யாததும்

இத்தகைய சட்டம் எவ்வாறு இயங்குகிறது? வீடு மறுக்கப்பட்டவர் முறையீடு செய்யலாம். அதனை விசாரிப்பது அரசின் கடமையாகிறது. உண்மையெனத் தெரிந்தால் முதலில் இணக்கம் காண முயல்வர். இணங்காவிடில் வழக்கு, தண்டம். ஒரே வருமானமும் ஒரே தகுதியும் உடைய இருவரை, வேறு வேறு இனத்தவரை, ஒரே வீட்டைக் கேட்க அனுப்பி, இருவருக்கும் கிடைக்கும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் பின்னர் வளர்ந்தது. சாட்சியின்றிச் சாத்தப்பட்ட கதவுக்கு இவ்வாறு ஒரு சாட்சி கிடைத்தது.

ஆயினும் சட்டம் வந்தவுடன் நகரம் மாறிவிடவில்லை. மேயர் அஞ்சியது பெருமளவு நடந்தது. வெள்ளை இனக் குடும்பங்கள் பல புறநகர்களுக்குப் பெயர்ந்தன. 1970களிலும் 1980களிலும் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வீட்டுக் கதவு திறந்தபோது வேலைக் கதவு மூடிற்று. இன்றும் அமெரிக்காவில் இனவாரியாக மிகவும் பிரிந்து வாழும் பெருநகரப் பகுதிகளுள் ஒன்றாகவே மில்வாக்கி எண்ணப்படுகிறது. அப்படியானால் அந்த இருநூறு இரவுகளும் வீணா? அன்று. முன்பு வீடு மறுக்கப்பட்டவர் தன் விதியை நொந்து திரும்பினார். பின்பு, தவறு தன்னுடையதன்று என்று சட்டமே சொல்வதை அறிந்து திரும்பினார். அவமானம் இடம் மாறியது. சட்டத்தால் அன்பைப் பிறப்பிக்க இயலாது. ஆனால் அன்பில்லாதவரின் கையிலிருந்து பிறருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அதனால் எடுத்துவிட இயலும். எஞ்சிய பணி நம்முடையது. ஆலயத்தினுடையது, பள்ளியினுடையது, குடும்பத்தினுடையது.

அருள்தந்தை குரோப்பி 1976இல் திருமணம் செய்துகொண்டு குருத்துவப் பணியை விட்டு விலகினார். பின்னர் அதே நகரில் பேருந்து ஓட்டுநராக உழைத்து, தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்து, 1985இல் புற்றுநோயால் இறந்தார். 1988இல் பதினாறாம் தெருப் பாலத்துக்கு அவர் பெயரால் 'ஒற்றுமைப் பாலம்' என்று பெயரிடப்பட்டது. வெல் பிலிப்ஸ் 1971இல் நீதிபதியாகவும், 1978இல் மாநிலச் செயலராகவும் உயர்ந்து, 2018இல் மறைந்தார். 2024இல் மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

கடல் கடந்து சென்ற நம் சுவர்

இக்கதையை முடிக்குமுன் இன்னொரு அமெரிக்க நகரத்தையும் பார்க்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் உள்ள சியாட்டில் நகரில், 1964இல் குடியிருப்புச் சமவுரிமைச் சட்டம் பொதுவாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் தோற்கடிக்கப்பட்டது. 1968 ஏப்ரல் 19ஆம் நாள், மில்வாக்கிக்குப் பதினொரு நாள் முன்னர், அந்நகர மன்றமும் அத்தகைய சட்டத்தை இயற்றியது. அதே மன்றம் 2023 பிப்ரவரி 21ஆம் நாள், பாகுபாட்டுக்கு எதிரான தன் சட்டத்தில் புதிய சொல் ஒன்றைச் சேர்த்தது. அச்சொல் 'சாதி'. ஆதரவாக ஆறு வாக்குகள், எதிராக ஒன்று. அமெரிக்காவில் இவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரமும் தொடர்ந்தது. இச்சட்டம் ஒரு சமூகத்தினரை முழுவதுமாகச் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் செய்யும் என்று எதிர்த்தவர்கள் வாதிட்டனர். வேலையிடத்திலும் குடியிருப்பிலும் தம் சாதியை அறிந்த பின் பிறர் நடத்தை மாறியதைச் சந்தித்தவர்கள் தம் சான்றை அளித்தனர்.

போலந்திலிருந்தும் செர்மனியிலிருந்தும் சென்றவர்கள் தம் மொழியையும் இசையையும் பக்தியையும் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். நம் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்களும் பல நல்லவற்றைக் கொண்டுசென்றனர். கூடவே ஒரு சுவரையும் கொண்டுசென்றனர். அந்தச் சுவருக்கு எதிராகத் தொலைதூர நகர மன்றம் ஒன்று சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது, சுவர் எழுந்த மண்ணில் வாழும் நமக்கு எளிதில் செரிக்கக் கூடிய செய்தியன்று. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. எவ்வகைப் பாகுபாடும் இறைவனின் திட்டத்துக்கு மாறானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கற்பித்திருக்கிறது. போதனையில் நமக்குக் குறைவில்லை.

நம் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பங்குப் பேரவைகளிலும் நாமே உறுப்பினர்களாக அமர்ந்திருக்கிறோம். ஒரு தெருவில் ஒரு குடும்பத்துக்கு வீடு மறுக்கப்பட்ட செய்தியோ, ஒரு கல்லறைத் தோட்டத்தில் பிணத்துக்கும் பிரிவினை காட்டப்படும் செய்தியோ அவை முன் வரும் நாளில், "மக்கள் விரும்பமாட்டார்கள்" என்ற விடை அங்கும் தயாராக இருக்கும். அந்த விடையைப் பதினெட்டுப் பேர் சொல்வார்கள். அவ்வேளையில் கை உயர்த்தும் ஒருவர், தாம் வெல்லப்போகிறோம் என்று எண்ணி உயர்த்த வேண்டியதில்லை. 1962 மார்ச்சில் வெல் பிலிப்சும் அவ்வாறு எண்ணியிருக்க முடியாது. அவருடைய வாக்கு அன்று தோற்றது. எனினும், அந்நகரின் மன்றக் குறிப்பேட்டில் நீதியின் பக்கம் ஒரு வாக்காவது பதிவாகியிருந்தது.